கருப்பை உள்நோக்குச் சோதனை: வாசகியரின் கேள்விகளும் மகப்பேறு மருத்துவரின் பதில்களும்

கேள்வி: வயது 56. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தக்கசிவு ஏற்பட்டது. கருப்பை உட்சவ்வு 9 மி.மீ. தடிமன் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததால் ஹிஸ்டெரோஸ்கோபி (கருப்பை உள்நோக்குச் சோதனை) செய்யச் சொல்கிறார்கள். டி அண்ட் சி போதாதா?

பதில்: போதாது. டி அண்ட் சி என்பது உள்ளே பார்க்காமல் கருப்பை உட்சவ்வைச் சுரண்டி எடுப்பது. ஒரு மூலையில் காம்புடன் தொங்கும் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) அதில் தப்பிவிடக்கூடும். ஹிஸ்டெரோஸ்கோபியிலோ, ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள உள்நோக்கியைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தி, சலைனால் கருப்பையை விரித்து, உட்சுவரைத் திரையில் பார்த்தபடியே சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுக்கலாம். உங்கள் நிலையில் உள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எனினும், திசுப் பரிசோதனை செய்யாமல் அதை உறுதியாகச் சொல்ல இயலாது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மயக்க மருந்து இல்லாமல், வெளிநோயாளியாகவே செய்துவிடலாம் என்கிறார்கள். வலிக்குமா?

பதில்: வலிக்காது என்று சொன்னால் அது உண்மையாகாது. பலருக்கு மாதவிடாய் வலி போன்ற இழுப்பு சில நிமிடங்கள் இருக்கும். சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும், குறிப்பாகச் சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கும், மாதவிடாய் நின்று கருப்பை வாய் சுருங்கியவர்களுக்கும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு போன்றவை இல்லையெனில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பாக இபுபுரூஃபன் என்ற வலி நிவாரணி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைக்காமல், கருப்பை வாயைக் கருவியால் பிடிக்காமல் உள்நோக்கியை மட்டும் செலுத்தும் முறையில் வலி குறைவு. அவ்வாறு செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்பது எங்கள் துறையினர் எளிதில் சொல்லிவிடும் வாக்கியம். தாங்க முடியாதபோது நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை. மயக்க மருந்து கொடுத்து வேறொரு நாளில் செய்துகொள்வதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: எந்த நாளில் செய்வது நல்லது?

பதில்: மாதவிடாய் வருபவர்களுக்கு, இரத்தப்போக்கு நின்ற அடுத்த சில நாட்களில், அப்போது உட்சவ்வு மெலிந்திருக்கும். கருவுற்றிருந்தாலோ, கருப்பையில் கிருமித்தொற்று இருந்தாலோ செய்யக்கூடாது.

கேள்வி: ஸ்கேன் இயல்பாகவே உள்ளது. முதல் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சைக்கு முன் இது அவசியமா?

பதில்: வழக்கமாக எல்லாருக்கும் தேவையில்லை. நெதர்லாந்தில் உங்களைப் போன்ற பெண்களிடம் நடத்தப்பட்டு, 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இச்சோதனையால் குழந்தைப் பிறப்பு விகிதம் கூடவில்லை. ஆனால், முன்பு காசநோய் வந்திருந்தாலோ, டி அண்ட் சி-க்குப் பின் மாதவிடாய் வெகுவாகக் குறைந்திருந்தாலோ, உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுவதே முறை. கருக்குழாய் அடைப்பை இது காட்டாது. குழாய்களின் வாய் மட்டுமே தெரியும்.

கேள்வி: மறுநாள் வேலைக்குச் செல்லலாமா?

பதில்: செல்லலாம். சில நாட்கள் இலேசான கசிவு இருக்கலாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக இரத்தப்போக்கு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.