சபை பாடுவது டிரம்மரின் காதில் விழ வேண்டும்: ஆராதனை டிரம்ஸ் கேள்வி பதில்

பதினேழு வருடமாக சபையில் டிரம்ஸ் வாசிக்கிறேன். "ஆராதனையில் டிரம்ஸ் வாசிப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்" என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஸ்தோத்திரம் பிரதர். மூன்று வருடமாக வாசிக்கிறேன். பாட்டு சரியான வேகத்தில்தான் ஆரம்பிக்கிறது, முடிவதற்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

ஸ்தோத்திரம் தம்பி. அதிகம் பேர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். முதலில் வேகம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள். போனில் ஒரு முழுப் பாட்டைப் பதிவு செய்து, மெட்ரோனோமோடு (சீரான வேகத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் கருவி) சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நழுவும். ஒன்று, ரோல் (டிரம்களில் வேகமாக உருட்டி அடிப்பது) போடும் இடம். இன்னொன்று, சரணம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடம். அங்கே சத்தத்தைக் கூட்டுகிறோம், கை தானாகவே வேகத்தையும் கூட்டிவிடுகிறது. சத்தம் வேறு, வேகம் வேறு என்று கைக்குப் பழக்க வேண்டும்.

பயிற்சி இது. மெட்ரோனோமை 70-ல், அதாவது நிமிடத்துக்கு 70 அடியில் வையுங்கள். மூன்று பார் (நாலு எண்ணிக்கை கொண்ட சுற்று) சாதாரண பீட், நாலாவது பாரில் ரோல். ரோல் வாசிக்கும்போது வாயால் "தகதிமி தகதிமி" என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். வாய் சொல்லும் அளவுக்குத்தான் கை போக வேண்டும். வாய் நின்று கை மட்டும் ஓடினால் அந்த ரோல் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்று அர்த்தம், ஞாயிற்றுக்கிழமை அதைப் போடாதீர்கள். இது பழகியதும் மெட்ரோனோமைப் பாதியாக, 35-ல் வைத்து, அதன் சத்தத்தை 2, 4 என்ற எண்ணிக்கைகளாக வைத்து வாசியுங்கள். 1-ஐயும் 3-ஐயும் நீங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். ஆனால் வேகத்தை உள்ளுக்குள் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மெதுவான பாடல்களில் இது இன்னும் கடினம். 60-ல் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முழுசாக ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடி வெறுமையாக இருந்தால் பொறுக்க முடியாமல் சீக்கிரமே அடித்துவிடுவோம். அதற்கும் மருந்து "தகதிமி"தான். மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருங்கள், இடைவெளி நிரம்பிவிடும்.

அண்ணா, ஜனங்கள் கைதட்டும்போது தாளம் பின்னால் இழுக்கிறது. நான் அவர்களோடு போக வேண்டுமா, என் வேகத்தில் நிற்க வேண்டுமா?

உங்கள் வேகத்திலேயே நில்லுங்கள். இது பிடிவாதம் இல்லை, கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடைசி வரிசை உங்களிடமிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் ஸ்னேரின் (முன்னால் இருக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்) சத்தம் அவர்களுக்குப் போய்ச் சேர 0.06 நொடி ஆகும். அவர்கள் அதைக் கேட்டுச் சரியாகத்தான் தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் உங்களிடம் திரும்பி வர இன்னொரு 0.06 நொடி. ஆக, அவர்கள் சரியாகத் தட்டினாலும் உங்கள் காதுக்கு 0.12 நொடி தாமதமாகவே கேட்கும். பாட்டு 120-ல் போனால், ஒரு அடிக்கு ஒரு "தகதிமி" என்று வைத்தால் அதில் ஓர் எழுத்தின் நீளம் 0.125 நொடி. அதாவது கிட்டத்தட்ட ஓர் எழுத்து முழுக்கப் பின்தங்கிக் கேட்கிறது! அதைக் கேட்டு நீங்கள் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள், பாட்டு படுத்துவிடும்.

முன்வரிசையில் தட்டுபவர்களைப் பாருங்கள். கைதட்டலைக் காதால் பிடிக்காமல் கண்ணால் பிடியுங்கள். பேஸ் கித்தார் வாசிப்பவரும் உங்கள் கிக்கைத்தான் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் உங்கள் பக்கத்தில், உங்கள் காலைப் பார்க்கும்படி நின்றால் நல்லது.

டிரம்ஸ் சத்தம் அதிகம் என்று போதகர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கண்ணாடித் தடுப்பு வைத்தால் சரியாகுமா பிரதர்?

தடுப்பு மட்டும் வைத்தால் பாதிதான் சரியாகும். அந்த அக்ரிலிக் தகடு ஒலியை விழுங்குவதில்லை, திருப்பித்தான் அனுப்புகிறது. முன்னால் போக வேண்டிய சத்தம் பின்சுவரில் பட்டு, மேலே கூரையில் பட்டு, சுற்றிக்கொண்டு சபைக்கே வந்துவிடும். உங்கள் காதுக்கும் கூடுதல் அடி. பின்சுவரிலும் தலைக்கு மேலேயும் ஒலியை உறிஞ்சும் தடிமனான பொருள் இருந்தால்தான் தடுப்புக்குப் பலன். அப்போதும் கிக்கின் அடிச்சத்தம் தாண்டி வரத்தான் செய்யும்.

அதற்கு முன் கையைப் பாருங்கள். ஸ்டிக் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது? காது உயரத்துக்குத் தூக்கி அடித்தால் எந்தத் தடுப்பும் காப்பாற்றாது. டிரம் தோலிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் தூக்காமல் ஒரு பாட்டை முழுசாக வாசித்துப் பாருங்கள். வேகம் குறையும், உற்சாகம் வடியும், கை தடுமாறும். தாழ்வாக வாசித்தும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது ஒரு தனிக் கலை, அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். 5ஏ அல்லது 5பி ஸ்டிக் வைத்திருந்தால், மெலிதான 7ஏ-க்கு மாறுங்கள். குச்சிக்கட்டு மாதிரி இருக்கும் ராட்ஸும் சின்ன ஹாலுக்கு நன்றாக உதவும்.

இன்னொன்றும் உண்டு. "சத்தம் அதிகம்" என்று சொல்பவர்களைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் சிம்பல் எனும் உலோகத் தட்டுகள்தான்: ஓங்கி அடிக்கும் கிராஷும், காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹேட் பாதி திறந்திருப்பதும். சொற்களைப் புரியவைக்கும் ச, த, ட போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மையான ஒலியும் சிம்பலின் ஒலியும் ஒரே உயர்ந்த பகுதியில் வருகின்றன. சிம்பல் இரைந்தால் பாட்டின் ராகம் கேட்கும், வார்த்தை கேட்காது. காலில் கொஞ்சம் கூட்டி, கையில் நிறையக் குறையுங்கள். கிக் திடமாகவும் சிம்பல் மென்மையாகவும் இருந்தால் அதே டிரம்ஸ் பாதிச் சத்தம்போலக் கேட்கும்.

ஒத்திகையில் காலி ஹாலில் கேட்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும். காலி ஹாலில் காதைக் கிழித்தது அப்போது அடங்கும்.

பெரியவர்கள் சிலர் சபைக்கு டிரம்ஸே தேவையில்லை என்கிறார்கள். வசனத்தோடு எப்படிப் பதில் சொல்வது?

வசனம் இருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகக் கைத்தாளம் கொட்டியவர் ஆசாப் என்று 1 நாளாகமம் 16 சொல்கிறது. அவர்தான் அங்கே பாடகர்களில் தலைவர், 12 சங்கீதங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. தாளம் போடுகிறவன் ஓரத்தில் உட்காருகிறவன் இல்லை என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனாலும் வசனத்தைக் காட்டி அவர்களை மடக்காதீர்கள். "உங்களுக்கு எது கேட்கவில்லை ஐயா?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒரு பெரியவர், "பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க எனக்குக் கண் தெரியாது தம்பி, பாடுகிறவர் வார்த்தையைக் கேட்டுத்தான் பாடுவேன்" என்றார். அதன்பிறகு சரணங்களில் சிம்பலையே தொடாமல் வாசித்தேன். அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

6/8-க்கும் 3/4-க்கும் வித்தியாசம் புரியவில்லை சகோதரரே. கீபோர்டு வாசிக்கும் நானும் டிரம்மரும் இதில் அடிக்கடி மோதுகிறோம்.

சிஸ்டர், பாட்டைப் பாடிக்கொண்டே நடந்து பாருங்கள். "தகிட தகிட" என்று இரண்டு காலடியில் ஒரு சுற்று முடிந்தால் 6/8. கிக் முதல் "த"வில், ஸ்னேர் இரண்டாவது "த"வில். ஒரு சுற்றுக்கு மூன்று தனித்தனி காலடி வந்தால் 3/4. மெட்ரோனோமில் எண் வைக்கும்போது பெரிய காலடியை எண்ணுகிறீர்களா, சின்ன எழுத்தை எண்ணுகிறீர்களா என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதி மோதல் அங்கேதான்.

கிளிக் (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம் சத்தம்) வைத்து வாசித்தால் ஆவியானவரின் நடத்துதலுக்கு இடமில்லாமல் போகாதா?

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கிளிக் வேகத்தைத்தான் பிடிக்கும், பாட்டின் நீளத்தைப் பிடிக்காது. முன்பே பதிவு செய்த டிராக்கோடு ஓடினால்தான் பல்லவியை இத்தனை தடவை என்று கட்டிவைக்கும். வெறும் கிளிக்கில் நூறு தடவை வேண்டுமானாலும் அதே வரியைப் பாடலாம். ஆராதனை நடத்துபவர் பாட்டை விட்டு ஜெபத்துக்குள் போனால், கிளிக்கை அணைத்துவிட்டு அவர் மூச்சைப் பிடித்துப் போங்கள். அணைக்கும் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சின்னச் சபைக்கு ஒளி மட்டும் மினுக்கும் மெட்ரோனோம் போதும். ஆரம்ப வேகத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் விட்டுவிடலாம்.

பாட்டு முழுக்க வாசித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி மாதிரி தெரிகிறது.

ஒரு மாலைக் கூட்டத்தில் பாட்டின் நடுவே கரண்ட் போனது. கீபோர்டு, கித்தார், மைக் எல்லாம் ஒரே கணத்தில் அடங்கிவிட்டன. என் டிரம்ஸுக்கு மட்டும்தான் கரண்ட் தேவையில்லை. அதிர்ச்சியில் கையை எடுத்துவிட்டேன். பாட்டு நிற்கவில்லை. இருட்டில் ஜனங்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். பின்னாலிருந்து ஆண்களின் கனத்த குரல், பக்கத்துப் பாயிலிருந்து பிள்ளைகளின் கீச்சுக் குரல், முன்வரிசையில் ஒரு அம்மா அரை வரி பிந்திப் பாடினார். அத்தனை வருடம் வாசித்தும் அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஸ்டிக்கை ஸ்னேரின் விளிம்பில் படுக்கவைத்து மெதுவாகக் கிராஸ் ஸ்டிக் மட்டும் தட்டினேன். நான் வாசித்துக்கொண்டிருந்த வேகத்தைவிட அவர்களுக்கு வசதியான வேகம் கொஞ்சம் குறைவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதனால் முதல் சரணத்தில் நான் பெரும்பாலும் வாசிப்பதில்லை. இரண்டாவதில் கிராஸ் ஸ்டிக், பல்லவியில் முழு பீட். கடைசிப் பல்லவியை ஒருமுறை எல்லாரும் நிறுத்திவிட்டுக் குரலுக்கே விட்டுப் பாருங்கள். நீங்கள் கையை மடியில் வைத்திருப்பது யாருக்கும் சோம்பலாகத் தெரியாது. ரோலுக்கும் இதே கணக்குதான்: பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் போடுங்கள், அவர்கள் வார்த்தையின் மேல் போடாதீர்கள்.

ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் காதில் இரவு வரை 'கொய்ங்' என்று கேட்கிறது. இது சாதாரணமா?

சாதாரணம் இல்லை தம்பி, எச்சரிக்கை. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் டிரம்ஸ் 100-ஐச் சுலபமாகத் தொடும். உங்கள் பாடல் வேளை எத்தனை நிமிடம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகம் வெட்டிவிடும், எல்லாம் மந்தமாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதை வாங்குங்கள். இன்-இயர் (காதுக்குள் வைத்துக் கேட்கும் இயர்போன்) போடுபவர்கள் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றில் மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒன்றின் சத்தத்தைத் தெரியாமலே ஏற்றிவிடுவீர்கள். இரைச்சல் அடுத்த நாளும் இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். போன செவிப்புலன் திரும்பி வராது.

என் மகனுக்கு 9 வயது. டிரம்ஸ் என்றால் உயிர். செட் வாங்கித் தரலாமா ஐயா?

முதலில் ஒரு பயிற்சி ரப்பர் பேட், ஒரு ஜோடி ஸ்டிக், மெட்ரோனோம். ஆறு மாதம் தினமும் 15 நிமிடம் உட்கார்ந்தால் அப்புறம் செட்டைப் பற்றி யோசியுங்கள். எலக்ட்ரானிக் செட் வீட்டுப் பயிற்சிக்கு நல்லதுதான், ஆனால் நிஜ சிம்பலை மென்மையாகத் தொடும் பக்குவம் அதில் வராது. சபை டிரம்மரிடம் கேட்டு, ஒத்திகை முடிந்ததும் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். காதுக்கு அடைப்பான் போட்டுத்தான்.

போதகர் ஜெபிக்கும்போது கீபோர்டு மெதுவாக வாசிக்கிறார்கள். அப்போது என் ஸ்னேர் தானாக 'சர்ர்' என்று அதிர்கிறது. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. கீபோர்டின் தாழ்ந்த சுரங்கள் ஸ்னேரின் தோலை அதிரவைக்கின்றன, அடியில் இருக்கும் கம்பிகள் அதோடு சேர்ந்து சரசரக்கின்றன. ஸ்னேரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியதும் அதைச் சத்தமில்லாமல் இறக்கிவிடுங்கள், கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். அடுத்த பாட்டுக்கு முன் மறக்காமல் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் அடி, கம்பி இல்லாத டாம் டிரம் மாதிரி 'டொங்' என்று விழும்.