படிகாரமும் பார் சோப்பும்: தண்ணீர் ஒட்டாத துணிக்குக் கேள்வி பதில்

சோமனூர்: அண்ணா, தறியில் மிச்சமான காடாத் துணி கிடக்கிறது. ஆட்டுக் கொட்டகைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டலாமா? செலவில்லாத வழி சொல்லுங்க.

படிகாரமும் பார் சோப்பும் போதுங்க. முதலில் கஞ்சி போகிற வரைக்கும் காடாவை வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். லிட்டருக்கு 60 கிராம் சோப்பைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியை ஊறப்போட்டுப் பிழிந்து உலர்த்துங்கள். அப்புறம் லிட்டருக்கு 30 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் முக்கி எடுங்கள். சோப்பின் கொழுப்பும் படிகாரத்தின் அலுமினியமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத மாவாக நூலைப் பிடித்துக்கொள்ளும்.

டிடர்ஜென்ட் கட்டி போட்டால் வேலைக்கு ஆகாது. எது அசல் சோப்பு என்று பார்க்க நம்மூர் போர் தண்ணியே போதும். உப்புத்தண்ணியில் நுரைக்காமல் திரிந்தால் அதுதான் சோப்பு! ஆனால் கரைசலுக்கு அந்தத் தண்ணி வேண்டாம், மழைத்தண்ணி எடுங்கள். சாரலுக்குத் தாங்கும், தண்ணீர் தேங்கி நின்றால் ஒழுகும்.

திருப்பூர்: பனியன் துணிக்கும் இதே முறையா?

வேண்டாம்மா. பின்னல் துணியை இழுத்தால் கண் திறந்துகொள்ளும். நெருக்கமாக நெய்த துணியாகப் பாருங்கள்.

பொள்ளாச்சி: கேன்வாஸ் பைக்கு மெழுகுவத்தி தேய்த்தேன். மடிப்பில் வெள்ளை வெள்ளையாக வெடிக்கிறது.

வெறும் மெழுகுவத்தி அப்படித்தான். பாதிக்குப் பாதி தேன்மெழுகு சேர்த்தால் வளைந்து கொடுக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். நான் ஒருமுறை நேரே அடுப்பில் வைத்து, வீடெல்லாம் புகையாகி வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கட்டியானதும் துணியில் தேய்த்து, ஹேர் டிரையர் சூட்டில் உள்ளே இறக்குங்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் பையை வண்டி சீட்டில் வைத்தால் பிசுபிசுக்கும். வெந்நீரில் துவைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம்.

வால்பாறை: குடைத் துணி நன்றாக இருக்கிறது, தையலில் மட்டும் சொட்டுகிறது.

ஊசி போன ஓட்டை அது. உள்பக்கத் தையல் மேல் அதே மெழுகைத் தேய்த்தால் சரியாகும்.

கோபி: தாத்தா ஆளிவிதை எண்ணெய் பூசுவாராம். செய்யலாமா?

செய்யலாம், காய நாளாகும். ஆனால் எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி, தீப்பெட்டியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.