கிணத்தில நிக்கிறது 300, திரையில வாறது 11265

கேள்வி: அண்ணை, எங்கட கோப்பாய் வீட்டுக் கிணத்தில தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு அளக்கிற கருவி ஒண்டு செய்யிறன். கருவிப் பக்கம் பைத்தன் நிரல்மொழியில, எண்ணை பைட்டுகளா மாத்திற பேக் பங்ஷன்ல ">" குறி போட்டு பெரிய எச் (H) எழுத்தால அனுப்புறன். கொம்பியூட்டரில குறி இல்லாம வெறும் எச் போட்டு அன்பேக் பண்ணினால் (பைட்டுகளைத் திரும்ப எண்ணாக்கினால்) 300 சென்ரிமீற்றர் 11265 எண்டு வருது. "யாழ்" எண்ட பேரையும் 10எஸ் (10s, பேருக்குப் பத்து பைட் இடம்) போட்டு அனுப்பினன், அது திறக்கவே மாட்டனெண்டு எரர் அடிக்குது. என்ன பிழை?

பதில்: பிள்ளை, உம்மட கருவியில பிழை இல்லை, அளவும் சரி. பெரிய எச் எண்டா 2 பைட், 0 இலயிருந்து 65535 வரைக்கும் பிடிக்கும். 300 ஐ ரெண்டு பைட்டாப் பிரிச்சா 1, 44 எண்டு வரும், ஏனெண்டா 1 தர 256, அதோட 44. ">" போட்டதால கருவி பெரிய பக்கத்தை, அதாவது 1 ஐ, முதல்ல அனுப்புது, கொம்பியூட்டரில நீர் குறி ஒண்டும் போடேல்லை, அப்ப அது தன்ர வழக்கப்படி சின்னப் பக்கம் முதல்ல எண்டு நினைச்சு 44 ஐ 256 ஆல பெருக்கி 1 ஐக் கூட்டுது, கூட்டிப் பாரும், அச்சா 11265 வரும். ரெண்டு பக்கமும் ">" போடும், அவ்வளவுதான்.

குறி போடாம விடுற பழக்கத்தை இண்டைக்கே விடும். இன்னொரு வில்லங்கமும் அதில கிடக்கு: 1 பைட் சின்ன பி (b), பிறகு 4 பைட் சின்ன ஐ (i) எண்டு குறியில்லாமக் குடுத்தால் 5 வரவேணும், ஆனா சாதாரண கொம்பியூட்டரில 8 வரும், நடுவில 3 வெறும் பைட்டை அதுவே செருகிப்போடும். குறி போட்டால் 5 தான்.

பேர் விசயம்தான் எனக்குக் கூடக் கவலை, தமிழில எழுதுற எல்லாரும் இதில ஒருக்கா விழுந்தெழும்புவினம். "யாழ்" எண்டது கண்ணுக்கு ரெண்டெழுத்து, உள்ளுக்கு ய, ஆவின்ர கால், ழ, புள்ளி எண்டு நாலு, எழுத்தை பைட்டாக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்டும் 3 பைட், மொத்தம் 12. நீர் விட்டது 10, அப்ப மூண்டு முழுசாப் போய் புள்ளியின்ர முதல் பைட் மட்டும் தொங்கிக்கொண்டு நிக்குது, பேக் பண்ணேக்க ஒரு எச்சரிக்கையும் இல்லாம வெட்டிப்போடும், திறக்கேக்கதான் கத்தும். 12எஸ் போட்டால் இந்தப் பேருக்குச் சரி, ஆனா நாளைக்கு "கோப்பாய்" எண்டு மாத்தினால் திரும்ப வெட்டுப்படும், அதால முதல்ல பேரை என்கோட் பண்ணி (பைட்டுகளாக்கி) அந்த பைட்டுகளின்ர நீளத்தை எண்ணி, அந்த நீளத்தை 2 பைட்டில அனுப்பிப்போட்டு பேரைப் பின்னால விடும்.