கோத்தகிரி அக்காவுக்கு: பிள்ளை புள்ளியியல் படிக்கட்டும்

அக்கா, போன வாரம் மழையோடு மழையாக வந்து என்னைப் பார்த்தீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள். "கணக்குல பி.எஸ்சி. முடிச்சிருக்கா. பி.எட். சேர்த்துவிட்டா டீச்சர் ஆகிடுவா. இவ என்னமோ ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்குப் புள்ளியியல் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இது சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. இந்த நீலகிரி மலையில் இதையே கேட்கும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

இது என்ன படிப்பு என்பதை நீங்கள் தேயிலை பறிக்கிற வேலையை வைத்தே சொல்லிவிடலாம். மழை நாளில் இலை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள் இல்லையா? தராசு 22 கிலோ காட்டும், ஏட்டில் 20 ஏறும். அதிகாலைப் பனியில் எடுத்த இலைக்கும் வெயில் வந்த பிறகு எடுத்த இலைக்கும் ஒரே கழிவு போட்டால் யாருக்கோ நட்டம். அந்த 22-இல் எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர் என்று நீங்கள் எத்தனை தடவை மல்லுக்கு நின்றிருப்பீர்கள்! உங்கள் பிள்ளை படிக்க ஆசைப்படுவதும் அதைத்தான். என்ன, இலைக்குப் பதிலாக மனிதர்களின் உடம்பும் வாழ்க்கையும்.

ரத்தசோகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது பொதுக் கணக்கு. ஆனால் மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபின் தயாரிக்கிறது. அதனால் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 12.3 இருக்கும் பெண்ணுக்கு ரத்தசோகை இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியிலேயே வாழும் பெண்ணுக்கு அதே 12.3 வந்தால் ரத்தசோகை இருக்கிறது என்று அர்த்தம். உயரத்துக்கு ஏற்பக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான் கழிக்கிறார்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்ததே, அது இந்தக் கழிவெல்லாம் போன பிறகு கிடைத்த எண்.

இது தெரியாத ஒருவர் நம் ஊரில் வந்து அளந்தால் என்ன ஆகும்? மலைப் பெண்கள் கீழே இருப்பவர்களைவிட நல்ல சத்தோடு இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார். இரும்புச்சத்து மாத்திரை கிடைக்க வேண்டிய பெண்கள் பலர் அந்த அறிக்கையில் நலமானவர்கள் ஆகிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நம் மலையில் வளர்ந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன் அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் குணமாகும், நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் இல்லாமல் முடியாது என்று நம்பினார்கள். 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் யார் வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுவது, யார் சானடோரியத்தில் சேர்ந்து அதே மாத்திரை சாப்பிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பிரித்தார்கள். டாக்டர் பார்த்துப் பிரித்திருந்தால் நோய் முற்றியவர்கள் ஒரு பக்கமாகக் குவிந்திருப்பார்கள், ஒப்பிடவே முடியாது. 1959-இல் முடிவு வந்தது. குறுகலான வீட்டில், எளிய சாப்பாட்டோடு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிரிப்பைத் திட்டமிடுவதும் முடிவை எடை போடுவதும்தான் புள்ளியியலாளரின் வேலை.

சரி, எப்படிப் படிப்பது? இங்கேதான் எனக்குக் கவலை. சமூகப்பணி, உளவியல், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் பலர் ஆய்வேட்டுக்குத் தகவல் சேகரித்துவிட்டு, அதை அலசும் வேலையைக் காசு கொடுத்து வெளியே செய்து வாங்குகிறார்கள். அப்படி ஒரு மாணவி வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து என்னிடம் வந்து அழுதாள். அட்டவணையில் பி-மதிப்பு 0.03 என்று இருந்தது. நிஜத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. அதன் அர்த்தத்தைக் கேட்டபோது அவளால் வாய் திறக்க முடியவில்லை. இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளை அவள். 0.05-க்குக் கீழே வந்தால் வெற்றி என்று மட்டும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேரை அளந்தால் ஹீமோகுளோபினில் 0.1 கிராம் வித்தியாசம்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் ஒரு பெண்ணுக்கும் சோர்வு குறையப் போவதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

அதனால் சாஃப்ட்வேரில் தொடங்க வேண்டாம். ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்களே, அந்த டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்கு இப்போது பணம் கட்டவே வேண்டாம். 'ஆர்' என்கிற மென்பொருள் இலவசம், ஆராய்ச்சி உலகம் முழுக்கப் புழங்குகிறது. அடிப்படைப் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. சராசரி, பரவல், மாதிரி எடுப்பது, நம்பக இடைவெளி (உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணக்கு) என்று நிதானமாகப் போகட்டும். அப்புறம் ரிக்ரெஷன், அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கணக்கிடுவது. அதிலும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று இரண்டே பதில் வரும் கேள்விகள்தான் இந்தத் துறையில் அதிகம்.

மேற்படிப்புக்கு வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாடிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கான புள்ளியியல், இருக்கிறது. மும்பையில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது, குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவதே அவர்கள்தான். பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கலாம். டிகிரியில் புள்ளியியல் துணைப்பாடமாக இருந்ததா என்று மதிப்பெண் பட்டியலில் பார்த்து வையுங்கள், விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.

வேலை? டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். பொது சுகாதாரத் துறையில் வட்டார அளவிலேயே புள்ளியியலாளர் இருக்கிறார். மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறையில் இவர்களுக்கு வேலை உண்டு. ஊட்டியிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சென்னை, பெங்களூருவில் மருந்துப் பரிசோதனை செய்யும் கம்பெனிகள் நல்ல சம்பளம் தருகின்றன. ஆனால் முதல் வருஷமே கை நிறையக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பி.எட். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அந்தக் கதவு இரண்டு வருஷம் கழித்தும் திறந்துதான் இருக்கும்.

இப்போதைக்கு ஒரு வேலை. நீங்கள் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் இலைக்கணக்குச் சீட்டுகளைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு வருஷத்துக் கணக்கைத் தேதி வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றட்டும். எண் இல்லாத நாட்கள் வரும். அன்று நீங்கள் லீவா, கொழுந்தே இல்லையா, சீட்டு தொலைந்துவிட்டதா என்று உங்களிடம் கேட்டுத்தான் அவள் எழுத வேண்டும். மூன்றுக்கும் ஒரே சைபர் போட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். சீசன் மாதங்களை வைத்தும் வைக்காமலும் சராசரி எப்படி ஏறி இறங்குகிறது என்றும் பார்க்கட்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மதியம் நான் கோத்தகிரியில்தான் இருப்பேன். அந்த இலைக்கணக்கையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுங்கள் அக்கா, பஸ்ஸுக்கு ஓடாமல் பேசலாம்.