'1975 அசல்' என்றால் எந்த அசல்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ஜமைக்கா ரெகே இசைக்குழு பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' இசைத்தட்டை இணையத்தில் ஒருவர் '1975 அசல்' என்று விற்கிறார். புது மறுபதிப்பைப் போல ஆறு மடங்கு விலை. வாங்கலாமா? சரியில்லை என்றால் திருப்பித் தர முடியுமா?

பதில்: எந்த நாட்டு அசல் என்று முதலில் கேளுங்கள். இந்த ஆல்பத்துக்கு அசலே இரண்டு. ஜமைக்காவில் தயாரிப்பாளர் ஜாக் ரூபி வெளியிட்டது ஒன்று. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் லண்டனிலிருந்து வெளியிட்டது இன்னொன்று. ராக் கேட்டுப் பழகிய வெள்ளைக்காரக் காதுகளுக்காக ஐலண்ட் மிக்ஸிங்கையே மாற்றியது. பர்னிங் ஸ்பியரின் முதன்மைப் பாடகர் வின்ஸ்டன் ராட்னிக்கு அதில் கடுப்பு. அப்புறம் சொந்த இசை வெளியீட்டு நிறுவனமே தொடங்கிவிட்டார்.

இங்கிலாந்தில் கைமாறுவது பெரும்பாலும் ஐலண்ட் பிரதிதான். அதற்கு ஆறு மடங்கு கொடுப்பது அதிகம். ஜமைக்கா அச்சு என்றால் விலை ஏறுவது நியாயம், ஆனால் அந்தக் காலத்து ஜமைக்காத் தட்டுகளில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் சகஜம்.

கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையே வெற்று வளையம் இருக்கும். எந்த அச்சு என்று கண்டுபிடிக்க, அதில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். நான் ஒருமுறை நைந்த பழைய அட்டையைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுத்தேன். உள்ளே இருந்தது பிற்கால மறுபதிப்புத் தட்டு.

சேகரிப்புக்காக இல்லை, கேட்கத்தான் என்றால் மறுபதிப்பே போதும். ஆல்பத்தின் பெயருக்குரிய மார்கஸ் கார்வி, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய ஜமைக்காத் தலைவர். அவர் பிறந்த செயின்ட் ஆன்ஸ் பேதான் ராட்னிக்கும் ஊர். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தார் தீர்க்கதரிசியாக மதிக்கும் அந்த மனிதரை ஊரே மறந்துவிட்டதே என்று 'ஓல்ட் மார்கஸ் கார்வி'யில் ஆதங்கப்படுகிறார். 'ஸ்லேவரி டேஸ்' பாட்டில் அடிமைக் காலம் நினைவிருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், மந்திரம் ஓதுவதுபோல. அந்தக் குரல் எந்தப் பதிப்பிலும் குறையாது. 1976-இல் வந்த இதன் டப் வடிவம், அதாவது குரலைக் குறைத்துத் தாளத்தையும் எதிரொலியையும் முன்னே கொண்டுவரும் வடிவம், 'கார்விஸ் கோஸ்ட்'. இரண்டும் சேர்ந்த சிடி பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

திருப்பித் தருவதைப் பொறுத்தவரை, விற்பவர் வியாபாரியா தனிநபரா என்பதுதான் முக்கியம். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்த பின் 14 நாள் வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் சீல் வைத்த தட்டின் சீலைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பழுது இருந்தாலோ வர்ணித்தபடி இல்லாவிட்டாலோ சீல் பிரித்தது பொருட்டல்ல; 30 நாளுக்குள் முழுப் பணமும் கேட்கலாம். தனிநபர் என்றால் 14 நாள் சலுகை இல்லை, வர்ணனைக்குப் பொருந்தவில்லை என்று மட்டுமே வாதிட முடியும். அதனால் '1975 ஜமைக்கா அச்சு' என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.