‘ஆபா கோல்ட்’ தொகுப்பில் ‘சம்மர் நைட் சிட்டி’ ஏன் இல்லை?

ஆபா என்ற ஸ்வீடன் பாப் குழுவின் பாட்டு அது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போன அந்தப் பாட்டுக்கு, குழுவின் புகழ்பெற்ற 19 பாடல்கள் உள்ள தொகுப்பில் இடமில்லையா, உரிமைச் சிக்கலா, இல்லை குழுவுக்கே அந்தப் பாட்டைப் பிடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமைச் சிக்கல் இல்லவே இல்லை. பிடிக்காததில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு என்பது என் கட்சி.

எண்பதுகளின் கடைசியில் என் அண்ணன் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தான். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். வருகிறவர் ஒரு தாளில் இருபது பாட்டு எழுதிக்கொண்டு வருவார், கையில் 60 நிமிட கேசட் ஒன்று. ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு ஏற்றினால் மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்துக்கு நாங்கள் நல்ல பாட்டைத் தேட மாட்டோம், மூன்று நிமிடப் பாட்டைத் தேடுவோம். மீறி ஏற்றினால் கடைசிச் சரணத்தில் கேசட் டக்கென்று நின்றுவிடும், மறுநாள் காலையில் ஆள் கடை வாசலில் நிற்பார். விட்டுப்போன பாட்டைப் பற்றிக் கேட்டால் அண்ணன், “பாட்டு நல்ல பாட்டுதான், டேப்புதான் பத்தல” என்பான். (ஆபா கேசட்டும் இருந்தது. பதிவு நோட்டில் அதை ‘அப்பா’ என்று எழுதி வைத்திருந்தான். “அம்மா பாட்டு இல்லையா தம்பி?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற ஜோக் அது.)

சரி, ‘ஆபா கோல்ட்’டுக்கு வருவோம். அதற்கும் டேப் பத்தவில்லை. 19 பாடல்களே 77 நிமிடத்தை ஒட்டி வந்துவிட்டன. ஒரு சிடிக்கு 74 நிமிடம் என்பதுதான் வழக்கமான கணக்கு, இழுத்துப் பிடித்தால் 80-ஐத் தொடலாம். உள்ளே வந்த பாட்டுகளே முழுசாக வரவில்லை. 1992 பதிப்பில் ‘த நேம் ஆஃப் த கேம்’ பாட்டை ஏறக்குறைய ஒரு நிமிடம் வெட்டித்தான் போட்டார்கள். 1999-இல் ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டபோதுதான் முழுப் பாட்டும் திரும்பி வந்தது. இந்த நெருக்கடியில் மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்றைப் புதிதாக நுழைக்க வேண்டுமானால் ஒன்றை வெளியே தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது?

உரிமை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எழுபதுகளில் ஆபா பாடல்கள் பிரிட்டனில் எபிக், அமெரிக்காவில் அட்லாண்டிக், ஆஸ்திரேலியாவில் ஆர்சிஏ என்று நாட்டுக்கு ஒரு கம்பெனியிடம் இருந்தன. பிறகு அவர்களுடைய ஸ்வீடன் கம்பெனியான போலார், பாலிகிராம் என்ற பெரிய இசைக் கம்பெனியின் கைக்குப் போனது, உரிமைகள் ஒரே இடத்தில் சேர்ந்தன. உலகம் முழுக்க ஒரே பெயரில் ஒரு தொகுப்பு போட முடிந்ததே அதனால்தான். ஆக, எந்தப் பாட்டை வேண்டுமானாலும் அவர்கள் எடுத்திருக்கலாம்.

உரிமையால் பாட்டு விடுபட்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவைப் பாருங்கள். கேபிடல் கம்பெனி 1974-இல் ‘எண்ட்லெஸ் சம்மர்’ என்று இரட்டை இசைத்தட்டு போட்டு, அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் 1965-க்குப் பிந்தைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1966-இல் முதலிடம் பிடித்த ‘குட் வைப்ரேஷன்ஸ்’ கூட இல்லை. 1966-இல் தொடங்கி வந்த பதிவுகள் அப்போது ரிப்ரைஸ் கம்பெனி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. ரிப்ரைஸ் சும்மா இருக்குமா? மறு வருடமே அந்தப் பாட்டின் பெயரையே வைத்து ஒரு தொகுப்பை இறக்கியது. கேபிடல் தன் தொகுப்பின் கடைசியில் அந்தப் பாட்டைச் சேர்த்தது பல வருடம் கழித்து, சிடி காலத்தில்.

ஆபா விஷயத்தில் அந்தத் தடை இல்லை. அப்படியானால் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்தார்களா? பாதிதான். பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஒன்பது பாட்டும் உள்ளே இருக்கின்றன. அதற்குப் பிறகு கணக்கு இடிக்கிறது. ‘தேங்க் யூ ஃபார் த மியூசிக்’ அங்கே 1983-இல் 33-ஆம் இடத்தைத்தான் பிடித்தது. அது உள்ளே. 1978-இல் 5-ஆம் இடம் பிடித்த, ஸ்வீடனில் முதலிடமே பிடித்த ‘சம்மர் நைட் சிட்டி’ வெளியே!

தொகுப்பு யாருக்காகப் போடப்பட்டது என்று யோசித்தால்தான் இது பிடிபடும். 1992-இல் ஆபா மறுபடி ஃபேஷனாகிக்கொண்டிருந்தது. அந்த ஜூனில் எரேஷர் என்ற பிரிட்டிஷ் ஜோடி ஆபாவின் நான்கு பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடி ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது, அங்கே முதலிடம். ‘ஆபா கோல்ட்’ வந்தது செப்டம்பரில். எரேஷர் பாடிய நான்கும் அதில் இருக்கின்றன. அதில் ஒன்றான ‘லே ஆல் யுவர் லவ் ஆன் மீ’ பிரிட்டனில் வழக்கமான சின்ன இசைத்தட்டாக வந்ததே இல்லை, 1981-இல் 12 அங்குலத் தட்டாக மட்டும் வந்தது. வாங்கப் போவது பழைய ரசிகன் இல்லை, டிஸ்கோவிலோ கல்யாண விருந்திலோ கேட்டுவிட்டு, ‘யார் பாட்டு இது’ என்று கடைக்கு வருகிறவன். அவனுக்கு 1978-இன் பட்டியல் எதற்கு?

கடைக்கு வருகிற ஆள் மாறினால் தட்டும் மாறும். ‘ஐ டூ, ஐ டூ’ என்று ஐந்து முறை வருமே, அந்தப் பாட்டு 1975-இல் பிரிட்டனில் 38-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம். அதனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பதிப்பில் பட்டியலையே மாற்றி அதையும் ‘ரிங் ரிங்’, ‘ராக் மீ’ இரண்டையும் சேர்த்தார்கள். ஒரே பெயர், வேறு சரக்கு.

இனி, குழுவுக்குப் பிடிக்காத கதை. ‘சம்மர் நைட் சிட்டி’யின் ஒலிக்கலவையோடு, ஆபாவின் பாட்டுகளை உருவாக்கிய பென்னியும் பியோர்னும் நாள்கணக்கில் மல்லுக்கட்டினார்கள், கடைசி வரை திருப்தி வரவில்லை. தொடக்கத்தில் இருந்த நீளமான முன்னிசையை வெட்டிவிட்டுத் தனிப்பாட்டாக விட்டார்கள். அடுத்த வருடம் வந்த ‘வூலே வூ’ ஆல்பத்திலும் அதைச் சேர்க்கவில்லை. பெற்றவர்களே அரைமனதாக இருந்த பிள்ளைக்காக 1992-இல் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம், வியாபாரம். 1993-இல் ‘மோர் ஆபா கோல்ட்’ வந்தது, 20 பாட்டு. முதல் பாட்டே ‘சம்மர் நைட் சிட்டி’தான். எல்லா நல்ல சரக்கையும் முதல் தட்டிலேயே கொட்டிவிட்டால் இரண்டாவதை யார் வாங்குவார்கள்? அதிலும் பழைய ரசிகனுக்கென்று தனியாகத் தூண்டில் போட்டார்கள்: 1982-இல் பதிவாகி அதுவரை வெளிவராத ‘ஐ ஆம் த சிட்டி’.

வெட்டப்பட்ட அந்த முன்னிசை 1994-இல் வந்த நான்கு சிடி பெட்டியில் இருக்கிறது. தேடிக் கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டு. மெதுவாக எழுந்து வருகிற இசை, பிறகு குரலும் தாளமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெரிசலாகிவிடும். பென்னியும் பியோர்னும் எதைப் பிரிக்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள் என்பது அந்த இடத்தில் காதுக்கே தெரியும். எனக்கு அந்த நெரிசல்தான் பிடிக்கும்.