தீம் பார்க் சுற்றுலாவும் தொற்று நோயும்: சானிடைசர் காப்பாற்றாத இடங்கள்

கேள்வி: விடுமுறையில் நான்கு நாள் தீம் பார்க் போகிறோம், அதில் ஒரு நாள் வாட்டர் பார்க். நானும் கணவரும், 6 வயது மகன், 10 மாதக் குழந்தை, சர்க்கரை நோய் உள்ள 66 வயது மாமியார். போன தடவை இரண்டாம் நாள் ராத்திரி மகனுக்கு வாந்தி ஆரம்பித்தது. ஒன்றரை நாள் கழித்து எனக்கு, அன்று ராத்திரியே மாமியாருக்கு, ஊர் திரும்பிய மறுநாள் கணவருக்கு. இத்தனைக்கும் மணிக்கொரு தரம் எல்லோரும் சானிடைசர் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். இந்த முறை என்ன செய்ய வேண்டும்? நாள் முழுக்க மாஸ்க் போட வேண்டுமா? முன்கூட்டியே ஏதாவது மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. திடீர் வாந்தி, ஒருவர் பின் ஒருவராக விழுவது, ஒன்றரை நாள் இடைவெளி எல்லாம் நோரோவைரஸின் கைவரிசை போலத் தெரிகிறது. அது உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். மகனுக்குப் பூங்காவிலோ வழியிலோ தொற்றியிருக்கலாம். ஆனால் உங்களுக்கும் மாமியாருக்கும் வந்த நேரத்தைக் கணக்குப் போட்டால், அந்த ராத்திரி ஹோட்டல் அறையில்தான் தொற்றியிருக்க வேண்டும். கணவருக்கு உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆக, நான்கு பேரில் மூன்று பேர் படுத்ததற்குப் பூங்கா நேரடிக் காரணம் இல்லை.

சானிடைசர் ஏன் கைகொடுக்கவில்லை என்றால், ஆல்கஹால் கிருமியின் மேலே இருக்கும் கொழுப்பு உறையைக் கரைத்துத்தான் அதைக் கொல்கிறது. ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு அந்த உறை உண்டு. நோரோவைரஸுக்குக் கிடையாது. குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வரவைக்கும் வைரஸுக்கும், கண் சிவக்க வைக்கும் அடினோவைரஸுக்கும் கிடையாது. இவற்றைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் கழுவி விடத்தான் முடியும். சோப்பு அவற்றைக் கொல்வதில்லை, தோலிலிருந்து பிரித்து வடிகாலுக்கு அனுப்பிவிடுகிறது. அது போதும். 20 விநாடி தேய்க்க வேண்டும், விரல் இடுக்கும் நகக்கண்ணும் கட்டைவிரலும் விட்டுப்போகக் கூடாது, கடைசியில் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரக்கையில் கிருமி சுலபமாக ஒட்டும்.

சானிடைசரைத் தூக்கிப் போட வேண்டாம். 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கை முழுக்க நனையும் அளவு எடுங்கள், தானாகக் காயும் வரை தேயுங்கள். சட்டையில் துடைத்துவிட்டால் போட்டதே வீண். சன்ஸ்கிரீன் பூசிய கை, ஐஸ்கிரீம் வழிந்த கை, மண் படிந்த கை ஆகியவற்றில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. தீம் பார்க்கில் குழந்தைகளின் கை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். குழாய் பக்கத்தில் இல்லாவிட்டால் முதலில் ஈர டிஷ்யூவால் துடைத்துவிட்டு, பிறகு சானிடைசர் போடுங்கள்.

மணிக்கொரு தரம் கை சுத்தம் செய்வதால் பெரிய பயன் இல்லை. வாய்க்குப் போவதற்கு முன் செய்வதுதான் முக்கியம். ரைடில் மடிக்கு மேல் இறங்கும் கம்பியை ஒவ்வொரு முறையும் துடைக்கும் பெற்றோர் உண்டு. அது தேவையில்லாத வேலை, பின்னால் நிற்பவர்களுக்கு எரிச்சலும்கூட. கம்பி கிருமியோடு இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கை அப்படியே பாப்கார்னுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. வரிசையில் நின்றபடி நொறுக்குத்தீனி கொடுப்பதை நிறுத்துங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்பூனில் சாப்பிடுவதையோ, உறையைப் பிடித்துக்கொண்டே கடிப்பதையோ கொடுங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. தொடுதிரையில் உணவு ஆர்டர் கொடுத்த கை, முப்பரிமாணக் கண்ணாடியைத் தொட்ட கை எல்லாம் சாப்பாட்டுக்கு முன் குழாயடிக்குப் போக வேண்டும்.

மாஸ்க் விஷயத்துக்கு வருவோம். திறந்தவெளியில் நடக்கும்போதும், ஓடும் ரைடிலும் மாஸ்க் தேவையில்லை. வேகமான ரைடில் அது பறந்தும் போகும். காற்று வெளியேறாத மூடிய இடங்களில்தான் காற்றுவழி நோய்கள் தொற்றுகின்றன. வளைந்து வளைந்து போகும் உள்ளரங்க வரிசை, இருட்டு ரைடுகளின் காத்திருப்பு அறை, காட்சி அரங்கு, பார்க்கிங்கிலிருந்து ஏற்றிப் போகும் நெரிசலான வண்டி ஆகியவைதான் அந்த இடங்கள். மாமியாரும் நீங்களும் அங்கே மட்டும் என்-95 அணிந்தால் போதும், ஆனால் மூக்கின் இரு பக்கமும் கன்னமும் படிந்து மூடியிருக்க வேண்டும். விமானம் பறக்கும்போது உள்ளே சுற்றும் காற்று, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிகள் வழியாகப் போகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் இடைவழியில் நெருக்கியடித்து நிற்கும் நேரத்தில்தான் மாஸ்க்குக்கு வேலை அதிகம். 2 வயதுக்குக் கீழே மாஸ்க் போடக் கூடாது. 10 மாதக் குழந்தைக்குப் பாதுகாப்பு, அந்த உள்ளரங்க வரிசைகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதுதான். பெரியவர்களில் இருவர் உள்ளே போகும்போது ஒருவர் குழந்தையோடு வெளியே நிழலில் இருக்கட்டும்.

மாத்திரை எதுவும் வேண்டாம். வைட்டமின் சி தொற்றைத் தடுக்காது. ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது, வயிற்றைக் கெடுத்து பேதி வரவழைப்பதுதான் மிச்சம். முன்கூட்டியே செய்யக்கூடிய ஒன்று தடுப்பூசி. ஃப்ளூ ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும், அதனால் கிளம்பும் முதல் நாள் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. மாமியாருக்கும் உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள், 6 மாதம் முடிந்த குழந்தைக்கும் போடலாம்.

இதைவிடத் தலையாயது தட்டம்மை. அந்த வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். தடுப்பாற்றல் இல்லாத 10 பேர் நெருக்கத்தில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றும். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னி தீம் பார்க்குகளில் தொடங்கிய தட்டம்மை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது, கனடா, மெக்ஸிகோ வரை போனது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள், அல்லது போட்டார்களா என்றே தெரியாதவர்கள். உங்கள் மகனுக்கு இரண்டு டோஸும் முடிந்ததா என்று அட்டையைப் பாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். கைக்குழந்தைக்கு நோய் பரவும் இடத்துக்கோ வெளிநாட்டுக்கோ போவதென்றால், 6 மாதத்திலிருந்தே முன்கூட்டி ஒரு டோஸ் கொடுக்கும் வழக்கம் உண்டு. 12 மாதத்துக்கு முன் இப்படிக் கூடுதலாகப் போடுவது பிறகு போட வேண்டிய இரண்டு டோஸ்களின் கணக்கில் சேராது. பயணத்துக்கு 2 வாரத்துக்குக் குறையாமல் நேரம் இருக்கும்போதே குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

வாட்டர் பார்க்

குளோரின் வாசனை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ். வியர்வை, சிறுநீர், அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி அது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அங்கே அழுக்கோடு மல்லுக்கட்டிச் செலவாகிக்கொண்டிருக்கிறது. கண்ணைக் கரிக்கும் நெடி இருந்தால் அந்தக் குளத்தை விட்டு விலகுங்கள். ஆழமான பகுதியின் தரை தெளிவாகத் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். குளோரின் 1 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையாமலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0-லிருந்து 7.8-க்குள்ளும் இருந்தால் நல்லது. பிஎச் ஏறினால் அதே அளவு குளோரினின் வீரியம் குறைந்துவிடும்.

ஆனால் சரியாகப் பராமரிக்கும் குளத்திலும் ஒரு வில்லன் உண்டு. க்ரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வழக்கமான குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பேதி உள்ள ஒரே ஒரு குழந்தை இறங்கினால் போதும். மற்றவர்கள் ஒரு வாய் தண்ணீரை விழுங்குவதால் அது தொற்றுகிறது. ஆகவே உங்கள் 6 வயது மகனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடு, உள்ளே போனால் துப்பு. வாயில் தண்ணீர் எடுத்துப் பீய்ச்சும் விளையாட்டு கூடாது. தரையிலிருந்து பீறிடும் சின்ன நீரூற்றுகளில் குழந்தைகள் நேராக உட்கார்ந்துகொள்வார்கள், அந்தத் தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி மேலே வருகிறது. அதைக் குடிக்க விடாதீர்கள். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் குளிப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

நீச்சல் டயப்பர் கிருமியைத் தடுக்காது, மலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். மணிக்கொரு தரம் பாருங்கள், குளத்தோரத்தில் மாற்றாமல் கழிவறைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள். உடை மாற்றும் இடத்தில் எல்லோருக்கும் செருப்பு. துண்டைப் பகிர வேண்டாம்.

மாமியார் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், அங்கே லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். நீர்த்திவலையை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம். 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் வெந்நீர்த் தொட்டி கூடாது.

அறையில் வாந்தி வந்தால்

இதற்குத் தயாராகப் போவதுதான் இந்த முறை உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம். ஒரு ஜிப் பையில் இவற்றை எடுத்து வையுங்கள்: நான்கு ஜோடிக் கையுறை, பத்துப் பன்னிரண்டு குப்பைப் பை, ஒரு டிஷ்யூ ரோல், சோப்புக் கட்டி, வெப்பமானி, ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு. ப்ளீச் திரவத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். காரில் போனால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையேல் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒருவர் வாந்தி எடுத்ததும் மற்றவர்களை, குறிப்பாகக் குழந்தையை, அறையை விட்டு அனுப்புங்கள். வாந்தி தெறிக்கும்போது நுண்திவலைகள் காற்றில் கலந்து சுற்றுப்புறத்தில் படியும். ஜன்னல் திறக்கும் என்றால் திறங்கள். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, மேலே டிஷ்யூவைப் பரப்பி உறிஞ்ச விடுங்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளுங்கள், நடுவிலிருந்து இழுத்தால் இடம் பெரிதாகும். பையில் போட்டுக் கட்டுங்கள். அந்த இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும், அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத ப்ளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, சுற்றிலும் தாராளமாகத் தடவி 5 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டையோ வேறு கிளீனரையோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கம்பளத்திலும் மெத்தையிலும் ப்ளீச் ஊற்றினால் சாயம் போகும். அங்கே விழுந்திருந்தால் கூச்சப்படாமல் ஹோட்டல் ஊழியரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் அறை மாற்றிக் கேளுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்து வருபவர்களுக்கும் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் அது போய்ச் சேரும்.

அழுக்கான விரிப்பை உதறாமல் சுருட்டிப் பையில் போடுங்கள். கழிவறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். பிளஷ் பட்டன், குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட் இவை நான்கையும் துடைத்தால் பெரும்பகுதி முடிந்தது. பலரும் மறப்பது பல் துலக்கும் பிரஷ். ஒரே டம்ளரில் ஐந்து பிரஷும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கழிவறைக்கு இரண்டடி தள்ளி நிற்கும். முதல் நாளே தனித்தனியாக எடுத்து வெளியே வையுங்கள். திறந்து கிடந்த தின்பண்டத்தைத் தூக்கி எறியுங்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும், அவர் குழந்தைக்கு உணவு ஊட்ட வேண்டாம். நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கணவர் ஏற்பது நல்லது.

வாந்தி எடுத்தவருக்கு ஓஆர்எஸ்ஸைப் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, சில நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுங்கள். ஒரேயடியாகக் குடித்தால் திரும்ப வந்துவிடும். 2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. குளிர்பானமும் பழச்சாறும் சர்க்கரை மிகுதியால் பேதியைக் கூட்டும். காய்ச்சல் என்றால் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மாமியார் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றை, உடலில் நீர் வற்றும்போது நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எதை, எப்போது என்று கிளம்பும் முன்பே அவரது மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலில் வந்த சோர்வையும் தொற்றையும் குழப்பிக்கொள்வது சகஜம், இரண்டிலும் தலைவலி, குமட்டல் உண்டு. நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரத்தில் தெளிந்தால் அநேகமாக வெயில்தான். தெளியாவிட்டால் அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகாதது, அழுதால் கண்ணீர் வராதது, மலத்தில் ரத்தம், மூச்சுத்திணறல், எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

டிக்கெட் வாங்கும்போது தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். பணம் போய்விடுமே என்றுதான் காய்ச்சல் குழந்தையையும் மாத்திரை கொடுத்துக் கூட்டி வருகிறார்கள், அடுத்தவர் குழந்தைக்கு அது அங்கிருந்துதான் போகிறது. மாத்திரை இல்லாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகாமல் யாரும் பூங்காவுக்குள் போகக் கூடாது. பேதிக்குக் காரணம் க்ரிப்டோஸ்போரிடியம் என்று தெரிந்தால், நின்ற பிறகும் 2 வாரம் குளத்தில் இறங்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு மாமியாருக்கு 2 வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், ஃப்ளூவா என்று பார்க்க உடனே போங்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். நீர்த்திவலை உள்ள இடத்தில் இருந்ததையும் சொல்லுங்கள். சொன்னால்தான் லெஜியோனெல்லாவுக்கான பரிசோதனை மருத்துவரின் நினைவுக்கு வரும். 3 வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கண் சிவப்பு, பிறகு முகத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு என்று வந்தால் தட்டம்மையாக இருக்கலாம். அப்போது நேராக மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குப் போய் உட்காராமல், முதலில் போன் செய்து சொல்லிவிட்டு அவர்கள் காட்டும் வழியாக உள்ளே போங்கள்.